ஃபெஞ்சல் புயலில் பொரித்த குஞ்சு

தபால் இலாகாவில் ஓய்வு பெற்றபின் ஜமுனாமரத்தூர் பக்கம் வந்து குடியேறிய கதையை முன்பே எழுதியிருக்கிறேன். "மலை மேல பொழுது எப்படிப் போகுது?" என்று கேட்கும் பழைய நண்பர்களிடம் "கோழி வளர்க்கிறேன்" என்பேன். சிரிப்பார்கள். கோழி வளர்ப்பில் நான் செய்த தப்பு ஒன்றையும், அதை ஓரளவு சரிசெய்துகொண்டதையும் இன்று சொல்கிறேன்.

2024 நவம்பர் மாதம். ஒரு நாள் விடியற்காலையில் பக்கத்து நிலத்து ஆயா முந்தானையில் 13 முட்டைகளைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார். அடையில் இருந்த கோழியைக் காட்டுப்பூனை தூக்கிவிட்டதாம். அடை வைத்து எட்டு நாள் ஆகியிருந்தது.

"சாரு, இன்னும் சூடு ஆறல. உன் மெஷின்ல வெச்சு பாரு" என்றார். ஆயாவுக்கு எல்லாரும் "நீ"தான். அவருக்கு இருப்பது கொஞ்சம் சாமை நிலமும் நாலைந்து நாட்டுக்கோழியும். கோழி விற்ற காசுதான் கையில் புரளும் காசு. அதனால் அந்த முட்டைகளை வாங்கும்போதே எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

மெஷின் என்பது மகன் வாங்கி அனுப்பிய சின்ன இன்குபேட்டர். சூடு 37.5 டிகிரி இருக்க வேண்டும். 18 நாள் வரை முட்டையைத் திருப்பிவிட வேண்டும். கடைசி மூன்று நாள் திருப்பக் கூடாது. ஆனால் உள்ளே ஈரப்பதத்தைக் கூட்ட வேண்டும். அதற்காகவே அடியில் ஒரு தண்ணீர்த் தட்டு உண்டு. டார்ச் அடித்துப் பார்த்ததில் இரண்டு கூமுட்டை. மீதி 11-இல் கரு நன்றாக ஓடியிருந்தது.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடலோரத்தில் அடித்துவிட்டு ஓய்ந்துவிடும் என்று நினைத்தோம். அதுவோ உள்ளே நகர்ந்து நம் மாவட்டத்தில் கொட்டித் தீர்த்தது. டிசம்பர் 1 விடியற்காலையில் கரண்ட் போயிற்று. இன்வெர்ட்டர் நாலு மணி நேரம் தாங்கியது. அன்று முட்டைகளுக்கு 18-ஆம் நாள்.

முட்டைகளைத் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து, வெந்நீர் பாட்டில்களைத் துண்டில் சுற்றி இரண்டு பக்கமும் அடுக்கினேன். இரண்டு மணிக்கு ஒருமுறை பாட்டில் மாற்ற வேண்டும். ஈர விறகு புகைந்ததே தவிர எரியவில்லை. கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் வந்த ஆயா அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சூடு 32-க்கும் 36-க்கும் இடையே ஆடியது. சுமார் 36 மணி நேரம் இப்படியே போனது.

இரண்டாம் தேதி மாலை கரண்ட் வந்ததும் டிவியைப் போட்டேன். திருவண்ணாமலையில் மலைச்சரிவில் ஒரு வீடு புதைந்து, குழந்தைகள் உட்பட ஏழு பேர் சிக்கிய செய்தி ஓடிக்கொண்டிருந்தது. நமக்குத் தெரிந்த ஊர், நடந்த தெரு. முட்டைக்காக இரண்டு நாள் தூங்காமல் கிடந்தது அந்த நேரத்தில் கேவலமாகக்கூடத் தோன்றியது. ஆயா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்தார். "போனவங்கள நாம கூட்டியார முடியாது. நம்ம கையில இருக்கறத பாப்போம்" என்றார்.

அந்தக் குழப்பத்தில் நான் ஒரு தப்புச் செய்தேன். முட்டைகளை மெஷினுக்குள் வைத்தவன் தண்ணீர்த் தட்டை நிரப்ப மறந்துவிட்டேன். மறுநாள் மதியம்தான் கவனித்தேன். தட்டு காய்ந்து கிடந்தது.

ஈரம் குறைந்தால் என்ன ஆகும் என்பதைப் பிறகுதான் அனுபவத்தில் பார்த்தேன். ஓட்டுக்கு உள்பக்கம் இருக்கும் மெல்லிய சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்கிறது. குஞ்சு அலகால் ஓட்டை குத்திவிடும். ஆனால் சுற்றித் திரும்பி ஓட்டை உடைத்துக்கொண்டு வர முடியாது.

ஒரு நாள் தாமதமாக, ஐந்தாம் தேதி காலையில் முதல் ஓடு விரிந்தது. ஆறாம் தேதி காலைக்குள் ஆறு குஞ்சு தாமாக வந்துவிட்டன. மூன்று முட்டையில் அசைவே இல்லை. இரண்டில் ஓட்டை விழுந்து, உள்ளே "கீச் கீச்" என்று சத்தம் மட்டும் வந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. ஐந்தாம் தேதி மாலையே, ஓட்டை விழுந்து ஆறு மணி நேரம்கூட ஆகாத ஒரு முட்டையை எடுத்து ஓட்டை உரித்தேன். சவ்வில் ரத்தம் வந்தது. குஞ்சு பொரிக்கும் முன் சவ்வு நரம்பில் உள்ள ரத்தமும் மிச்ச மஞ்சள் கருவும் அதன் உடம்புக்குள் போய்ச் சேர வேண்டும். அது முடியும் முன் நான் உரித்துவிட்டேன். வயிற்றுக்கு வெளியே மஞ்சள் கரு தெரிந்தது. இரவுக்குள் குஞ்சு அடங்கிவிட்டது. ஆயா ஒன்றும் திட்டவில்லை. அந்த இன்னொரு முட்டையை மட்டும் சுட்டிக்காட்டி, "இதுல கைய வெக்காத, சாரு" என்றார்.

இரவு முழுக்கக் கை வைக்கவில்லை. மறுநாள் நண்பகலில் குத்தி 26 மணி நேரம் ஆகியிருந்தது. சத்தம் தேய்ந்துவிட்டது. ஓட்டை வழியாகப் பார்த்தால் சவ்வு பழுப்பேறிக் காய்ந்திருந்தது; சிவப்பு நரம்பு எதுவும் தெரியவில்லை. ஆயாவைக் கூப்பிட்டேன். அவரும் பார்த்தார்.

"நேத்து தொட்டது தப்பு. இன்னிக்கு தொடாட்டி அது தப்பு."

வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துச் சவ்வின் மேல் ஒற்றினோம். முட்டையின் அகன்ற பக்கத்தில் ஓட்டைக் கடுகளவு கடுகளவாக எடுத்தார் ஆயா. கொஞ்சம் எடுப்பார், மெஷினில் வைப்பார், அரை மணி கழித்து மறுபடி எடுப்பார். தலை வெளியே வந்ததும் நிறுத்திவிட்டார். மீதியை அதுவே உதைத்துக்கொண்டு வரட்டும் என்றார். வந்தது. ஈரமாக, கட்டைவிரல் அளவுக்கு, தலை தூக்க முடியாமல் கிடந்தது.

கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்திருந்தன. பேண்ட்-எய்டை மெல்லிய பட்டையாக வெட்டி, இரண்டு காலுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டுக் கட்டினோம். காகிதம் வழுக்கும் என்பதால் கீழே பழைய டர்க்கித் துண்டு விரித்தேன். ஒரு பல்பு போட்டு 35 டிகிரி சூடு வைத்தேன். முதல் நாள் தீனி கொடுக்கவில்லை. வயிற்றில் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு நாளுக்குத் தாங்கும். வெல்லத் தண்ணீரில் அலகை மட்டும் நனைத்துவிட்டோம். வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். பிறகு அவித்த மஞ்சள் கருவைப் பொடித்துக் கொடுத்தேன், அப்புறம் சாமை நொய். துணைக்கு ஒரு நல்ல குஞ்சையும் பக்கத்தில் விட்டேன். அது கொத்துவதைப் பார்த்து இதுவும் கொத்தியது. நாலாம் நாள் கட்டை அவிழ்த்ததும் தள்ளாடி நின்றது.

ஆயாவின் இன்னொரு கோழி அந்த வாரம்தான் நாலு குஞ்சு பொரித்திருந்தது. ஒரு ராத்திரி இருட்டில் நம் ஏழு குஞ்சுகளையும் அதன் இறக்கைக்கு அடியில் சொருகிவிட்டார். "காலையில விரட்டிட்டா?" என்றேன். "கோழிக்கு எண்ணத் தெரியாது, சாரு" என்றார். விடிந்ததும் போய்ப் பார்த்தேன். பதினொன்றையும் கூட்டிக்கொண்டு குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தது. நம்முடையது கடைசியில் ஓடியது.

அது பெட்டை. இடது காலில் ஒரு விரல் கோணல். மற்றபடி குறை ஒன்றும் இல்லை. ஆடி மாதம் முட்டையிட ஆரம்பித்தது. முதல் முட்டையை ஆயா என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். சின்னதாக, லேசான ரத்தக் கோட்டோடு இருந்தது. நான் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"என்னா பாக்கற? மெஷின்ல வெக்காத. அவிச்சுத் துன்னு" என்று சொல்லிவிட்டுப் போனார்.