சுத்திப் பாக்க

எக்ஸெல் ஷீட்டில் ஆறு வரிசை போட்டிருந்தேன். நான், மனைவி, ஆறு வயதுப் பெரியவள், ஒரு வயதுச் சின்னவன், அம்மா, அப்பா. ஐந்து வரிசை நிரம்பிவிட்டது. ஆறாவது வரிசையில் பாஸ்போர்ட் எண் மூன்று வாரமாகக் காலியாகவே கிடந்தது.

இது 2024 ஜூலையில். காலாண்டு லீவுக்கு எங்கேயாவது போகலாம் என்று பேச்சு ஆரம்பித்தது சிதம்பரத்தில், மாமனார் வீட்டில். கடலூர்க்காரர்களுக்கு 'டூர்' என்றால் சில்வர் பீச், சிதம்பரம்காரர்களுக்குப் பிச்சாவரம். இரண்டையும் பெரியவள் ஐந்தாறு முறை பார்த்துவிட்டாள். ஊட்டி என்றேன். "ஊட்டிக்கு ஆற அளவுக்கு மலேசியாவே போய்ட்டு வந்துடலாம்" என்றாள் மனைவி. இணையத்தில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், அது முழுப் பொய். ஆறு பேருக்கு ஊட்டியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும். ஆனால் இரண்டு மடங்குதான். பத்து மடங்கு என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அதுவே பெரிய செய்தி.

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு மலேசியா போக விசா வேண்டாம், 30 நாள்வரை இருக்கலாம். திருச்சியிலிருந்து நான்கு மணி நேரம். சின்னவனுக்கு இரண்டு வயது முடியவில்லை, அதனால் மடியில் உட்காரச் சிறு கட்டணம் மட்டும்தான். திரும்பி வரும் தேதியிலும் இரண்டு முடிந்திருக்கக் கூடாது, அதைப் பலர் கவனிப்பதில்லை. முடிந்துவிட்டால் முழு டிக்கெட். எங்களுக்கு இரண்டு மாதம் மிச்சம் இருந்தது. இந்த லீவைத் தவறவிட்டால் பதினோராயிரம் கூடுதல். இப்படித்தான் எங்கள் குடும்பத்தின் முதல் வெளிநாட்டுப் பயணம் சின்னவனின் பிறந்தநாளை வைத்து முடிவானது.

முதல் வெளிநாட்டுப் பயணம் என்று எழுதியது தப்பு. அப்பா ஏழு வருஷம் மலேசியாவில் இருந்தவர்.

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பரோட்டா மாஸ்டர். 1997இல் போனார். அப்போது அவருக்கு முப்பத்தைந்து, ஏறக்குறைய என்னுடைய இப்போதைய வயது. 1999 பொங்கலுக்கு ஒருமுறை வந்தார். ஒரு ரிமோட் கார், நான்கு டப்பா மைலோ, அம்மாவுக்கு இரண்டு பாத்திக் துணி. அதற்குப் பிறகு ஆறு வருஷம் வரவில்லை. மாதாமாதம் பணம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு போனுக்குக் குரல் வந்தது. "ஓனர் லீவு தரமாட்றாரு" என்று அந்தக் குரல் சொல்லும். எனக்கு அந்த ஓனரை நம்பவே முடிந்ததில்லை. ஆறு வருஷத்தில் பத்து நாள் லீவு தராத ஓனர் இருப்பானா? வர இஷ்டமில்லை, அவ்வளவுதான் என்று பன்னிரண்டு வயதிலேயே முடிவு செய்துவிட்டேன். என் நண்பர்கள் எல்லாம் "வாப்பா, போப்பா" என்று அப்பாவைப் பேசுவார்கள். நான் இன்றுவரை 'நீங்க'தான். மரியாதை என்று ஊரில் சொல்வார்கள்.

மலேசியா என்றதும் அப்பா முகம் மலரும் என்று எதிர்பார்த்தோம். அவர் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விடப்போகிறார்களாமே, சிலோன் போகலாம் என்றார். ஆகஸ்டில் அந்தக் கப்பல் திரும்ப ஓட ஆரம்பித்தது உண்மைதான். ஆனால் சின்னவன் கடலூரிலிருந்து சிதம்பரம் போவதற்குள் இரண்டுமுறை வாந்தி எடுப்பவன். பிறகு நேபாளம் என்றார், பாஸ்போர்ட்டே வேண்டாமாம். பிறகு சிங்கப்பூர். அதற்கு விசா வேண்டும் என்றதும் சந்தோஷமாக, "சரி அப்ப விடு" என்றார்.

"மாமா மலேசியாவ மட்டும் விட்டுட்டு எல்லா நாட்டையும் சொல்றாரு, கவனிச்சீங்களா?" என்றாள் மனைவி.

நான் கவனிக்கவில்லை. மாமனார்தான் அந்தச் சமயம் கப்பல் கதையில் இறங்கியிருந்தார். அவருடைய பெரியப்பா நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு போனவர். 'சிதம்பரம்' என்ற பெயரிலேயே ஒரு கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் செத்தார்கள், அதோடு அந்தக் கப்பல் போக்குவரத்தே முடிந்தது. ஊர்ப் பெயர் என்பதால் சிதம்பரத்தில் அந்தச் செய்தியைத் துக்கம் மாதிரிப் பேசிக்கொண்டார்களாம். அப்பா கொத்சுவைத் தொட்டு இட்லியைப் பிட்டபடி தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

பாஸ்போர்ட் புதுப்பிக்கப் பழையது வேண்டும். "அது தொலஞ்சி போச்சி" என்றார். தொலைந்தால் போலீஸில் புகார் கொடுத்து அதன் நகல் வைக்க வேண்டும் என்றேன். போலீஸ் என்றதும் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அன்று ராத்திரி கடலூர் வீட்டில் அம்மா டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்து என் லேப்டாப் மேல் வைத்தாள். பழைய பாஸ்போர்ட். உள்ளே மலாயில் அச்சடித்த ஒரு தாள், மடிப்பில் கிழிந்திருந்தது. கடைசி முத்திரை 2005 ஜனவரி.

அப்பா வந்து எதிரில் உட்கார்ந்தார்.

2000இல் அவருடைய பர்மிட் புதுப்பிக்கப்படவில்லை. புதுப்பிக்கிறேன் என்று காசு வாங்கிய ஏஜென்ட் காணாமல் போனான். பாஸ்போர்ட் கடைக்காரரிடம் இருந்தது. ஏஜென்ட்டுக்கு முதலில் கொடுத்த கடன் ஊரில் பாதிகூட அடையவில்லை. வெளியே வந்தால் திரும்ப உள்ளே போக முடியாது. அதனால் இருந்துவிட்டார். 2002இல் சட்டத்தைக் கடுமையாக்கி, ஆவணமில்லாமல் பிடிபட்டால் ஜெயிலோடு பிரம்படியும் உண்டு என்று ஆக்கினார்கள். "ரோத்தான்" என்றார் அப்பா. அந்த ஒரு சொல்லை மட்டும் மெதுவாக. அவர் தங்கியிருந்த அறையில் ஒருவருக்கு அது நடந்தது. வந்து குப்புறப் படுத்தவர் எத்தனை நாள் கழித்துத் திரும்பிப் படுத்தார் என்று சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

2004 அக்டோபர் கடைசியில் மலேசிய அரசு பொது மன்னிப்பு அறிவித்தது. தண்டனை இல்லாமல் ஊருக்குப் போய்விடலாம். அப்பா யோசித்துக்கொண்டிருந்தார், இன்னும் ஒரு வருஷம் இருந்தால் கடன் முடியும். அப்புறம் டிசம்பர் 26.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் பலமுறை எழுதிப் பார்த்துக் கிழித்திருக்கிறேன். இங்கே சுருக்கமாக. எங்கள் வீடு தேவனாம்பட்டினம் போகும் ரோட்டில் இருந்தது. ஜனங்கள் ஓடிவந்தார்கள், அம்மா கதவைக்கூடப் பூட்டாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு திருப்பாப்புலியூர் வரைக்கும் ஓடினாள். எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லை. மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள், என் வகுப்பில் இரண்டு பேர். செந்தூல் கடையில் தொலைக்காட்சியில் கடலூர் என்று பெயர் வந்ததை அப்பா பரோட்டா கல்லின் முன்னால் நின்று பார்த்திருக்கிறார். நான்கு நாள் லைன் கிடைக்கவில்லை. ஐந்தாம் நாள் கிடைத்தபோது எதிர்வீட்டில் நான்தான் எடுத்தேன். "அம்மா இருக்காளா?" என்றார். "இருக்காங்க" என்றேன். அதற்குமேல் எனக்குப் பேச எதுவும் தோன்றவில்லை. ஜனவரியில் வந்துவிட்டார்.

பொது மன்னிப்பில் வந்தவர்தானே, பிறகென்ன பயம் என்று கேட்டேன். கம்ப்யூட்டரில் பெயர் இருக்கும் என்றார். இருபது வருஷம் ஆகிவிட்டது என்றேன். "ஒங்க ஆபீஸ்ல இருவது வருஷத்துக்கு முந்தினத அழிச்சிட்றீங்களா?" என்றார். நான் டேட்டாபேஸ் வேலை பார்ப்பவன். பதில் சொல்லவில்லை.

"டிக்கெட் காசு போனா போவுது தம்பி. அங்க எறங்குனதும் என்ன மட்டும் ஒரு ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போனா, அந்தப் பொண்ணு தாத்தா எங்கன்னு கேக்கும்ல?"

அவரைக் கட்டாயப்படுத்தியது சரியா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. இருந்தால் எல்லோரும், இல்லையென்றால் யாரும் இல்லை என்றாள் அம்மா. முப்பது வருஷத்தில் அவள் போட்ட ஒரே நிபந்தனை.

விண்ணப்பத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. அப்பா எட்டாவதுதான் படித்தவர். பழைய பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். முத்திரை இருந்தது. பத்தாவது தேறாதவர்கள் மலேசியா, வளைகுடா மாதிரி நாடுகளுக்கு வேலைக்குப் போகுமுன் அரசு அனுமதி வாங்க வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. புதியதில் அது இல்லை. ஐம்பது வயது தாண்டினால் தேவையில்லை. பதினெட்டுக்குக் கீழும் தேவையில்லை. ஆக சின்னவனும் தாத்தாவும் ஒரே பிரிவு. சின்னவனுக்கு எட்டு வயதுக்குள் என்பதால் ஆயிரம் ரூபாய்க் கட்டணத்தில் பத்து சதவீதம் தள்ளுபடி வேறு.

செப்டம்பர் கடைசியில், நள்ளிரவு விமானம். திருச்சியில் புது முனையம். பெரியவள் சுவர் ஓவியங்களைப் பார்த்துக் கோயிலுக்கு வந்திருக்கிறோமா என்றாள். நான் ஏற்கெனவே ஒரு திட்டம் வைத்திருந்தேன். கோலாலம்பூரில் இறங்கியதும் மனைவியும் பிள்ளைகளும் அம்மாவும் முதலில் கவுன்ட்டரைத் தாண்டிவிடுவார்கள், அப்பாவும் நானும் கடைசியில். என்ன நடந்தாலும் பிள்ளைகள் பார்க்க மாட்டார்கள். பெரியவள் தாத்தாவின் சுண்டு விரலை விடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அங்கே தூங்காத ஆறு வயதுக் குழந்தையோடு யாரும் வாதாட முடியாது. அதனால் நாங்கள் மூன்று பேராகப் போனோம்.

முக்காடு போட்ட இளம்பெண் அதிகாரி. என்னையும் பெரியவளையும் ஒரு நிமிஷத்தில் முடித்தார். அப்பாவின் விரல்களை மெஷின் எடுக்கவில்லை. மறுபடி வைக்கச் சொன்னார். எடுக்கவில்லை. நாற்பது வருஷம் சூடான கல்லில் பரோட்டாவைத் தட்டியெடுத்த விரல்கள், ரேகை எங்கே இருக்கும்? அவர் கண்ணாடியைத் துடைத்தார். மூன்றாவது முறை. திரையைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். அப்பாவின் கழுத்தில் வியர்வை இறங்குவதை நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண் ஏதோ கேட்டார். எனக்குப் புரிந்தது ஒரு சொல்தான். "சுத்தி?"

"சுத்தி, புவான்" என்றார் அப்பா. பெரியவளைக் காட்டி இன்னும் ஏதோ சொன்னார். அந்தப் பெண் சிரித்து முத்திரை குத்தினார்.

பெட்டி எடுக்கும் இடத்தில் பெரியவள் கேட்டாள், சுத்தின்னா என்ன தாத்தா என்று.

"லீவுன்னு அர்த்தம். நம்ம ஊர்ல சுத்திப் பாக்கறதுன்னு சொல்றோம்ல, அப்டி வெச்சிக்க."

ஐந்து நாளும் நன்றாகப் போயின, அதை விரிவாகச் சொல்ல அவசியமில்லை. சமையலறையும் துணி துவைக்கும் மெஷினும் உள்ள அபார்ட்மென்ட் எடுத்தோம். சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஹோட்டலைவிட அதுதான் உத்தமம், காலையில் அம்மா ரசம் வைத்துவிடுவாள். ஒரு நாளைக்கு ஒரு இடம்தான். மதியம் தூக்கம். ஏழு கிலோ கைப்பையில் நான்கு கிலோ டயபர் தூக்கிக்கொண்டு போனது முட்டாள்தனம், அங்கே எல்லா மூலையிலும் கிடைக்கிறது.

பத்துமலைக்கு ரயிலில் போனோம். வழியில் செந்தூல் ஸ்டேஷன் வந்தது. அப்பா ஜன்னல் பக்கம் சாய்ந்து பார்த்தார். இறங்கலாமா என்றேன். "என்ன இருக்கு அங்க" என்றார். பத்துமலை முருகனுக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். 42.7 மீட்டர் உயரம், 2006 ஜனவரியில் திறந்த சிலை. "நான் இருந்தப்ப வேலை நடந்துட்டு இருந்துச்சி. முடிஞ்சி பாக்கல." வருஷத்துக்கு ஒருமுறை தைப்பூசத்துக்கு மட்டும் தவறாமல் வருவாராம். அவ்வளவு பக்தியா என்று அம்மா ஆச்சரியப்பட்டாள். "பக்தியெல்லாம் இல்ல. லட்சக்கணக்குல கூட்டம். அந்த ஒரு நாளு எவனும் பாஸ்போர்ட் கேக்கமாட்டான். பயமில்லாம நடக்கலாம்." 272 படியும் சின்னவனைத் தூக்கிக்கொண்டு அவர்தான் ஏறினார்.

கடைசி நாள் இரட்டைக் கோபுரத்துக்குப் பின்னால் உள்ள பூங்கா. குழந்தைகள் விளையாட முழங்கால் அளவு தண்ணீர்க் குளம், கட்டணமே கிடையாது. செந்தூல் கடையின் பின்கட்டிலிருந்து பார்த்தால் இந்தக் கோபுரங்கள் தெரியும் என்றார் அப்பா. பாத்திரம் கழுவும்போது தினமும் பார்த்தது. கிட்டே வந்ததில்லை, இந்தப் பக்கம் போலீஸ் அதிகம். "இத்தன பக்கமா இது" என்று இரண்டு முறை சொன்னார். ஐந்தாறு கிலோமீட்டர்தான்.

சின்னவன் குளத்தின் விளிம்பில் ஓட ஆரம்பித்தான். காவலர் விசில் ஊதினார். ஓடாதே என்பதற்காக ஊதியதுதான், குழந்தைகளைப் பார்த்து நாள் முழுக்க ஊதிக்கொண்டே இருக்கிறார். ஆனால் பேன்ட்டைச் சுருட்டிவிட்டு தண்ணீரில் நின்றிருந்த அப்பாவின் கை சட்டைப் பைக்குப் போனது. பாஸ்போர்ட்டை வெளியே எடுத்து நீட்டிக்கொண்டு நின்றார். அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள் என்று ஐந்து நாளும் சொல்லியிருந்தேன். காவலர் அவரைப் பார்க்கக்கூட இல்லை. பெரியவள் பின்னாலிருந்து தாத்தாவின் இடுப்பைப் பிடித்துக் குதித்தாள், பாஸ்போர்ட் தண்ணீரில் விழுந்தது.

ராத்திரி முழுக்க மனைவியின் ஹேர் டிரையரை வைத்து ஒவ்வொரு பக்கமாகக் காயவைத்தேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, சூடு அதிகம், தள்ளிப் பிடி, இப்போ திருப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார். பரோட்டாவுக்குச் சொல்வது மாதிரி. நடுவில் ஒருமுறை, "அந்த ஆறு வருஷமும் ஒங்களுக்கு வர இஷ்டமில்லன்னுதான் நெனச்சிட்டிருந்தேன்" என்றேன். அவர் பக்கத்தைப் புரட்டிக் கொடுத்தார். "தெரியும்" என்றார். "அப்டி நெனச்சாதான் நீ படிப்பன்னு விட்டுட்டேன்." எனக்குக் கோபம்தான் வந்தது. டிரையரை அணைத்துவிட்டுப் பால்கனிக்குப் போனேன். திரும்பி வந்தபோது மிச்சப் பக்கங்களை அவரே காயவைத்துக்கொண்டிருந்தார்.

திருச்சியில் குடியேற்ற அதிகாரி அந்த நொறுநொறு பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, "என்னங்க பெரியவரே, தண்ணி பட்டுச்சா?" என்றார்.

"ஆமா சார். இரட்டைக் கோபுரம் இருக்குல்ல, அதுக்குப் பின்னாடி ஒரு கொளம்" என்று அப்பா ஆரம்பித்தார். "இந்தச் சின்னவன் ஓடறான், அங்க ஒருத்தன் விசில் ஊதறான்..." பின்னால் வரிசை நின்றது. அதிகாரி முத்திரை குத்தி நீட்டிய பிறகும் அவர் நகரவில்லை, சொல்லிக்கொண்டே இருந்தார்.