கெளுத்தியின் காணாமல்போன வருஷங்கள்

பேரனுக்காகக் கொளத்தூர் போய் வாங்கிவந்த மீன் தொட்டியில் இரண்டு குட்டிக் கெளுத்திகள் இருக்கின்றன. 'கோரிடோரஸ் சார், அடியில கிடக்கிற மிச்சத்தையெல்லாம் தின்னுடும்' என்றார் கடைக்காரர். உடம்பின் இரண்டு பக்கமும் ஓடு வேய்ந்தாற்போல் எலும்புத் தகடுகள், மீசை, எதையோ தொலைத்துவிட்டு மணலில் தேடுகிற பாவனை. ரிட்டையர்டு குமாஸ்தா மாதிரி.

இவர்களின் பூர்வீகம் தெரியுமா உங்களுக்கு? அர்ஜென்டினாவின் வடமேற்கில் கிடைத்த ஒரு புதைபடிவத்துக்கு 1925-ல் காக்கரெல் என்பவர் 'கோரிடோரஸ் ரெவலேட்டஸ்' என்று பெயர் வைத்தார். வயசு சுமார் 5.8 கோடி வருஷம். பெரிய டைனோசார்கள் ஒழிந்து ஏறக்குறைய 80 லட்சம் வருஷம்தான் ஆகியிருந்தது. அப்போதே இதே தகடுகள்! அதற்கப்புறம் இந்தக் கிளையில் சொல்லிக்கொள்ளும்படி படிவம் இல்லை. அடுத்த ஆள் என் தொட்டியில் நீந்துகிறார்.

'நடுவுல எங்க தாத்தா போச்சு?' என்றான் பேரன்.

எங்கும் போகவில்லை. ஆற்று மீன் செத்தால் என்னாகும், யோசியுங்கள். மற்றதுகள் தின்னும். வெள்ளம் எலும்பை உருட்டிச் சிதறடிக்கும். தப்பித்தவறி மண்ணில் புதைந்தாலும், அடுத்த வெள்ளம் அந்தக் கரையையே அரித்துக்கொண்டு போய்விடும். கெளுத்தியில் பெரும்பாலும் மிஞ்சுவது துடுப்பு முள்ளும் மண்டையோட்டுச் சில்லும்தான். (அந்த முள்ளிடம் குத்து வாங்கியவர்களுக்கு அதன் உறுதி தெரியும்.) முழுசாகக் கிடைக்க அமைதியான ஏரி அடிமட்டம் வேண்டும். அமெரிக்காவில் வயோமிங்கின் பழைய ஏரிப் படிவுகளில் சுமார் 5 கோடி வருஷத்து 'ஹிப்சிடோரிஸ்' கெளுத்தி முழு எலும்புக்கூடாகவே கிடைத்திருக்கிறது. அங்கேயும் ஒரு வேடிக்கை: ஃபாஸில் லேக் என்கிற ஏரியின் பாறைகளில் மற்ற மீன்கள் குவியல் குவியலாக இருக்க, கெளுத்தி மட்டும் அபூர்வம்.

என் அப்பாவுக்கு இரண்டே போட்டோ. 1951-ல் ஸ்கூல் க்ரூப்பில் கடைசி வரிசை. 1968-ல் மடியில் நான். நடுவில் பம்பாயில் இருந்தார் என்பார்கள். ஒரு கடிதம், ரசீது கிடையாது. 'அங்க என்ன பண்ணிண்டிருந்தாரோ' என்று அம்மா கடைசிவரை சந்தேகப்பட்டாள். அவரும் வாய் திறக்கவில்லை.

போன வருஷம் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தபோது ஒரு பித்தளை வில்லை விழுந்தது. ஏதோ மில் கேன்டீன் டோக்கன். 212 என்று நம்பர், ஓரமெல்லாம் தேய்ந்து வழவழவென்று. பல வருஷம் ஒரே சட்டைப்பையில் கிடந்திருக்க வேண்டும்.

அம்மாவிடம் காட்ட முடியாது. பேரன் அதைத் தொட்டிக்குள் போடலாமா என்று கேட்டான். பித்தளையில் செம்பு இருக்கு, மீனுக்கு ஆகாதுடா என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன்.