ஓட்டைக் காலணாவுக்கு ஒரு ஜோடி

கைப்பேசித் திரையில் ஓர் ஓட்டைக் காலணா வந்து நிற்கிறது. 1944ஆம் வருடத்துக் காசு. நடுவில் பெரிய துளை. ஒரு பக்கம் துளைக்கு மேலே கிரீடம், மறுபக்கம் துளையைச் சுற்றி இலை வளையம். படத்துக்குக் கீழே ஒரே வரி: "இதற்கு ஜோடி யாரிடம் இருக்கிறது?"

நாணயம் சேர்ப்பவர்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இணையத்தில் கூடி ஆடும் ஜோடி சேர்க்கும் ஆட்டம் இப்படித்தான் தொடங்கும். முந்தையவர் காட்டிய காசோடு ஏதாவது ஒரு விதத்தில் பொருந்துகிற காசை அடுத்தவர் காட்ட வேண்டும். ஆண்டு பொருந்தலாம், உலோகம் பொருந்தலாம், மிருகமோ பூவோ விளிம்பின் வடிவமோ பொருந்தலாம். காசு தன்னுடையதாக இருக்க வேண்டும். என்ன பொருத்தம் என்பதைத் தானே சொல்ல வேண்டும். பரிசு எதுவும் கிடையாது.

காலணாவுக்கு முதலில் வருவது பெரும்பாலும் ஜப்பானின் 5 யென். அதுவும் நடுவில் துளை உள்ள காசு. துளையைச் சுற்றிப் பற்சக்கரம், மேலே வளைந்து தொங்கும் நெற்கதிர், கீழே நீரைக் குறிக்கும் கோடுகள். தொழில், உழவு, மீன்பிடிப்பு மூன்றையும் உள்ளங்கையில் பாதிகூட இல்லாத பித்தளை வட்டத்தில் அடக்கிவிட்டார்கள். ஐந்து யென் என்பதை ஜப்பானிய மொழியில் 'கோ-என்' என்று சொல்வார்கள். உறவு, பிணைப்பு என்பதற்கும் அதே ஒலி. அதனால் கோயில் உண்டியலில் போட அந்தக் காசைத் தேடி எடுக்கிறார்கள். அடுத்து டென்மார்க்கின் குரோனர் வரும். அதற்கடுத்து, சதுரத் துளை போட்ட பழைய சீனச் செப்புக் காசு.

ஆட்டம் சூடு பிடிப்பது அந்தச் சீனக் காசில்தான். கயிற்றில் கோத்துத் தோளில் சுமந்த அந்தக் காசுகளுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் 'கேஷ்'. போர்த்துக்கீசியர் வாய்வழி கடல் கடந்து போன நம்முடைய 'காசு' என்ற சொல்தான் அது. இதை அறிந்தவர் உடனே பெட்டியைத் திறந்து, துளையே இல்லாத ஒரு செப்புக் காசை எடுத்து வைப்பார்: கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்காக அடித்த 1808ஆம் வருடத்து 20 காசு. பொருத்தம் கண்ணுக்குத் தெரியாது, பெயரில் இருக்கிறது. அந்தக் காசின் கதையோ அதைவிடப் பெரிது. பர்மிங்ஹாமில் மேத்யூ போல்ட்டனின் நாணயச்சாலையில் அடித்து, பீப்பாய் பீப்பாயாக 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பலில் சென்னைக்கு அனுப்பினார்கள். 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரையோரம், குட்வின் மணல்திட்டில் கப்பல் மூழ்கியது. 1980களில் முக்குளிப்பவர்கள் அந்தக் காசுகளை வெளியே எடுத்தார்கள். சென்னைக் கடைத்தெருவில் கத்தரிக்காய் வாங்கியிருக்க வேண்டிய காசு, 170 ஆண்டுகளுக்கு மேல் கடலடியில் கிடந்துவிட்டு இப்போது சேகரிப்பாளர்களின் கைக்கு வருகிறது.

இந்த ஆட்டத்தில் பணம் படைத்தவருக்குத் தனி மேன்மை எதுவும் இல்லை. தங்க மொகராவை வைத்திருப்பவர் அதற்கு ஜோடி தெரியாமல் தவித்துக்கொண்டிருக்கும்போது, பள்ளி மாணவர் ஒருவர் பாட்டியின் அஞ்சறைப் பெட்டியில் கிடந்த அலுமினிய 3 பைசாவைக் காட்டி, "அறுகோணம், 1982இல் வந்த 20 பைசாவும் அறுகோணம்" என்று முன்னே போய்விடுவார். 25 பைசாவும் அதற்குக் கீழுள்ள காசுகளும் 2011 ஜூன் முடிவோடு சட்டப்படி செல்லாமல் போய்விட்டன. கடையில் நீட்டினால் வாங்க மாட்டார்கள். ஒன்றுக்கும் உதவாததை 'ஓட்டைக் காலணா பெறாது' என்று சொல்லிப் பழகிய ஊரில், அந்தக் காலணாவும் இந்த 3 பைசாவும் துருப்புச் சீட்டாவதைப் பார்ப்பது மனசுக்கு நிறைவான காட்சி.

எல்லாப் பொருத்தத்துக்கும் ஒரே மதிப்பு இல்லை. "இரண்டும் 1975" என்பது மிகச் சோம்பலான பொருத்தம். "இரண்டும் வட்டம்" என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் செல்லமாகத் திட்டித் திருப்பி அனுப்புவார்கள். உருவத்தில் தொடங்கி உருவாக்கியவரில் போய் முடிவதே உயர்ந்த பொருத்தம். குடியரசு இந்தியா 1950இல் வெளியிட்ட ஒரு பைசாவில் குதிரை இருக்கிறது. அதற்கு அயர்லாந்தின் 1928ஆம் வருடத்து அரைக் கிரவுனில் உள்ள குதிரையைக் காட்டலாம். அந்த வரிசைக் காசுகளைத் தேர்ந்தெடுத்த குழுவுக்குத் தலைவர் கவிஞர் யேட்ஸ். குதிரையையும் பன்றியையும் கோழியையும் வரைந்தவர் பெர்சி மெட்காஃப். இந்தியக் காசுகளில் முடியோடு இருக்கும் ஆறாம் ஜார்ஜின் முகமும் அதே மெட்காஃபின் கைவேலைதான். குதிரையில் ஏறி அயர்லாந்து போய், ராஜாவோடு ஊர் திரும்பலாம்.

ஒரே மாதிரியான இரண்டு காசுகளில் வேற்றுமை கண்டுபிடிப்பது இன்னொரு சுற்று. ஒரே ஆண்டில் அடித்த இரண்டு ஒரு ரூபாய்களை அருகருகே வைத்து, ஆண்டுக்குக் கீழே பார்க்கச் சொல்வார்கள். சாய்சதுரம் இருந்தால் மும்பை நாணயச்சாலை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், சிறு புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. 1911ஆம் வருடத்து ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயையும் 1912ஆம் வருடத்து ரூபாயையும் சேர்த்து வைத்தால் இன்னும் சுவை. ராஜாவின் அங்கியில் இருக்கும் யானை, முதல் காசில் தும்பிக்கை குட்டையாகிப் பன்றி போலத் தெரிந்தது. மக்கள் முகம் சுளித்தார்கள். யானையைத் திருத்தி மறு ஆண்டு புது அச்சில் அடித்தார்கள். எத்தனையோ வருடம் ஆல்பத்தில் அடுத்தடுத்த உறையில் வைத்திருந்தவர்கூட, யாரோ கேட்ட பிறகே லென்ஸை எடுத்து அந்த யானையைப் பார்க்கிறார்.

படம் எடுக்கும் அவசரத்தில் சிலர் காசைப் புளி போட்டுத் தேய்த்துவிடுகிறார்கள். பித்தளைக் குத்துவிளக்குக்குச் செய்வதைச் செம்புக் காசுக்குச் செய்யவே கூடாது. நூறு வருடம் படிந்த நிறம் ஐந்து நிமிடத்தில் போய்விடும், திரும்ப வராது. சன்னலோரம் சாய்ந்து விழும் காலை வெளிச்சமே போதும், தேய்ந்த எழுத்தும் எழுந்து நிற்கும்.

அப்படிச் சாய்ந்த வெளிச்சம் தேவைப்படுகிற காசுகளில் ராஜராஜனின் செப்புக் காசும் ஒன்று. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், பக்கத்தில் நாகரி எழுத்தில் அரசன் பெயர். அதற்குச் சரியான ஜோடி இலங்கையில் இருக்கிறது. சோழர் ஆட்சி நீங்கிய பிறகும் பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், அரசி லீலாவதி ஆகியோர் அதே நிற்கும், அமரும் உருவங்களோடு தங்கள் பெயரைப் பொறித்துக் காசு வெளியிட்டார்கள். தோற்கடித்து அனுப்பப்பட்டவர்களின் காசு வடிவத்தைக் கடைத்தெரு விட்டுவிடவில்லை. மக்கள் கைக்குப் பழகிய காசை மாற்ற எந்த அரசும் தயங்கியிருக்கும்.

எழுத்தைப் பிடித்துக்கொண்டும் ஒரு சுற்று போகும். 2009இல் வந்த பேரறிஞர் அண்ணா நூற்றாண்டு 5 ரூபாயில் அவருடைய தமிழ்க் கையெழுத்து இருக்கிறது. அடுத்தவர் 'சிங்கப்பூர்' என்று தமிழில் எழுதிய சிங்கப்பூர் டாலரை வைப்பார். அதற்கடுத்தவர் 'இலங்கை' என்று பொறித்த இலங்கை ரூபாயை வைப்பார். பிறகு சிறிது நேரம் யாரும் எதுவும் காட்டாமல் இருப்பார்கள். அந்த அமைதியில் யாராவது ஒருவர், கரடுமுரடான ஒரு செப்புத் துண்டின் படத்தை அனுப்புவார். யாழ்ப்பாண ஆரியச் சக்கரவர்த்திகளின் காசு. படுத்திருக்கும் காளை, அதற்குக் கீழே, தேய்ந்து போயும் படிக்க முடிகிற இரண்டு எழுத்து: சேது.

கடிகாரம் பதினொன்றைத் தாண்டியிருக்கும். ஒருவர் எழுந்து போய்ப் பீரோவைத் திறக்கிறார். 1950ஆம் வருடத்து அரையணா ஒன்று எங்கோ இருக்கிறது. முனை மழுங்கிய சதுரம், அதன் மேலும் ஒரு காளை.