தட்டில் பாதி காய்: நாகலூர் நாட்குறிப்பு

திங்கள்

மார்கழிப் பனி ஏற்காட்டு மலைக் கிராமமான நாகலூரில் எட்டு மணியானாலும் கலைவதில்லை. சேலத்துத் தக்காளியும் கத்தரிக்காயும் 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காடு வந்துசேர வேண்டும். பீன்ஸும் மேரக்காயும் மலையிலேயே விளைகின்றன. காய்க்குப் பஞ்சமில்லாத ஊர்தான். ஆனாலும் மதியத் தட்டைப் பார்த்தால் சேர்வராயன் மலைக்கும் சேலம் நகரத்துக்கும் வித்தியாசமில்லை: நடுவில் சோற்றுக் குவியல், ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல்.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி வேறு கணக்குச் சொல்கிறது. 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு நாளொன்றுக்குக் காய்கறியும் கீரையும் சேர்ந்து 400 கிராம், பழம் 100 கிராம். கிட்டத்தட்டத் தட்டில் பாதி. பொரியல் கரண்டியை இரண்டு தடவை கவிழ்த்தாலும் இந்த அளவு எட்டாது. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளத்தான் காய் என்று நினைக்கும்வரை எட்டப்போவதும் இல்லை.

செவ்வாய்

காபிப் பழம் பறிக்கும் காலம். நிழல் மரங்களின் அடியில் யாரும் விதைக்காமலே முளைப்பவை சுக்குட்டிக் கீரை, குப்பைக்கீரை, பண்ணைக்கீரை. தோட்டத்துக்குக் களை, அடுப்படிக்குக் கறி. களைக்கொல்லி அடித்த இடமா என்று மட்டும் விசாரித்துவிட்டுப் பறிக்க வேண்டும்.

கீரையை அதிகம் சாப்பிடச் சேலம், தருமபுரிப் பக்கத்துக் கடைசலைவிட நல்ல வழி கிடையாது. சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், கொஞ்சம் புளியோடு மண்சட்டியில் வேகவைத்து, மத்தால் கடைந்து, நல்லெண்ணெயில் கடுகு தாளித்துக் கொட்டுகிறார்கள். வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டாததால் அதில் கரைந்த சத்தும் சட்டியிலேயே நிற்கிறது. கீரையில் உள்ள பீட்டா கரோட்டினை உடல் ஏற்கக் கொஞ்சம் எண்ணெய் வேண்டும்; தாளிப்பு அதைப் பார்த்துக்கொள்கிறது. ராகிக் களி உருண்டையில் குழி பறித்து, இந்தக் கடைசலை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தவர் அரைக் கட்டுக் கீரையை முணுமுணுக்காமல் முடித்துவிட்டு எழுவார். பொரியலாக வைத்திருந்தால் இரண்டு வாயோடு சரி.

புதன்

மேரக்காய்க் கூட்டு வைத்த வீட்டில் தோல் மிஞ்சும். வதக்கி, உளுத்தம்பருப்பும் காய்ந்த மிளகாயும் புளியும் தேங்காயும் சேர்த்து அரைத்தால் துவையல். பீர்க்கங்காய்த் தோலுக்கும் இதே கதிதான். முள்ளங்கியையும் கேரட்டையும் இப்படியே அரைத்து இட்லிக்கு வைக்கலாம். காலையிலேயே 400 கிராம் கணக்கு தொடங்கிவிடும்.

வியாழன்

காலைப் பலகாரத்தோடு காய் கொடுக்க முடியும் என்று அரசாங்கமே செய்துகாட்டியிருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், எது போட்டாலும் கூடவே காய்கறி சாம்பார்.

பிள்ளைகள் கேரட்டைப் பொறுக்கி ஓரம் ஒதுக்குவார்கள்தான். அதற்காகச் சலித்துக்கொள்ள வேண்டியதில்லை. புதிய காய் ஒன்று குழந்தைக்குப் பழக, எட்டுப் பத்துத் தடவையாவது அது தட்டில் வர வேண்டியிருக்கலாம் என்று குழந்தை உணவு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. மூன்றாம் நாளே "இவனுக்கு பீன்ஸ் ஆகாது" என்று தீர்ப்பெழுதும் வீடுகள் கொஞ்சம் வாய்தா கொடுக்கலாம். அதற்குள் அப்பா தன் தட்டில் ஒதுக்கியதைச் சாப்பிட்டு முடிக்கட்டும்.

சனி

மலை இறங்கினால் சேலம். சாயங்காலம் ஆனால் தட்டுவடை செட். இரண்டு சின்னத் தட்டுவடைகள், இடையில் துருவிய பீட்ரூட்டும் கேரட்டும், பொடியாக நறுக்கிய வெங்காயம், பூண்டு மணக்கும் காரச் சட்னி, பச்சை நிறத்தில் புதினா மல்லிச் சட்னி. அப்படியே வாயில் போட்டால் மொறுமொறுப்பு, காரம், பீட்ரூட்டின் இனிப்பு எல்லாம் ஒன்றாகச் சேரும். அதே சரக்கை நொறுக்கிக் கலந்தால் நொறுக்கல். வீட்டில் பீட்ரூட் பொரியலைக் கண்டாலே முகம் சுளிக்கும் கல்லூரிப் பையன், தள்ளுவண்டி முன்னால் நின்று அதைப் பச்சையாகவே தின்கிறான். ரத்தம் ஊறும் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நகர்ந்து போயிருப்பான்.

உடல்நலப் பேச்சு காயை விட்டு விரட்டும் என்பது வெறும் ஊகமல்ல. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உணவுக்கூடம் ஒன்றில் 2016-இல் சோதித்துப் பார்த்தார்கள். காயும் சமையலும் மாறவில்லை. பெயர்ப்பலகை மட்டும் நாளுக்கு நாள் மாறியது. ஒரு நாள் வெறும் பெயர், ஒரு நாள் உடல்நலப் பெயர், ஒரு நாள் நாவூற வைக்கும் பெயர். வெறும் பெயர் இருந்த நாட்களைவிட நாவூறும் பெயர் இருந்த நாட்களில் 25 சதவீதம் பேர் கூடுதலாகக் காயை எடுத்துக்கொண்டார்கள். இது இல்லாதது, அது குறைந்தது என்று உடல்நலப் பெயர் எழுதிய நாட்களோடு ஒப்பிட்டால் 41 சதவீதம் கூடுதல். சேலத்து வண்டிக்காரர்களுக்கு இந்த ஆய்வு தேவைப்படவில்லை.

வீட்டில் செய்பவர்கள் தட்டுவடையை ஒன்று குறைத்து, துருவலை ஒரு கைப்பிடி கூட்டினால் போதும். பொரித்த பண்டமும் உப்பும் குறையும், காயும் ஏறும்.

ஞாயிறு

ஏற்காடு ஏரிப் பக்கம் பஜ்ஜி வாசம். வாழைக்காயும் மிளகாயும் உள்ளே இருக்கின்றனவே என்று வாதாடுவோர் உண்டு. குளிருக்குத் தின்னலாம், தப்பில்லை. 400 கிராம் கணக்கில் மட்டும் சேர்க்கக் கூடாது.

பக்கத்தில் முடவாட்டுக்கால் சூப். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் பெரணி ஒன்றின் கிழங்கு அது. மேலிருக்கும் ரோமத்தைச் சுரண்டி, மிளகும் சீரகமும் தட்டிப்போட்டுக் கொதிக்கவைக்கிறார்கள். மூட்டுவலி பறந்துவிடும் என்று விற்பவர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் குளிரில் இந்த மிளகுச் சாறு நன்றாகவே இறங்குகிறது. இதில் பீன்ஸையும் கேரட்டையும் நறுக்கிப் போட்டால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே ஒரு கிண்ணம் காய் உள்ளே போயிருக்கும்.

கடைசியாக ஒரு விஷயம். சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820-களில் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். இன்று நாகலூரைச் சுற்றிலும் காபித் தோட்டங்கள்; சாப்பிட்ட கையோடு ஒரு டம்ளர் குடிப்பது பலருக்கும் பழக்கம். காபியில் உள்ள பாலிஃபீனால்கள் கீரையின் இரும்புச் சத்தை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும். வைட்டமின் சி அதற்கு நேர் எதிராக, உறிஞ்ச உதவும். ஆகவே கடைசல் சாப்பிட்ட அன்று ஒரு நெல்லிக்காயைக் கடித்துக்கொள்ளுங்கள். காபியை ஒரு மணி நேரமாவது தள்ளிப்போடுங்கள்.