வகுப்பறைக்கு வந்த அழைப்பு

இறைவனின் அழைப்பு என்றாலே குருமடத்து வாயிலைத்தான் நம்மவர் எண்ணுவர். வகுப்பறைக்கும் அவ்வழைப்பு உண்டு என்றால் புன்னகை செய்வர். நான் இடைநிலைப் பள்ளியில் வரலாறும் தமிழ் இலக்கியமும் கற்பிக்கும் ஆசிரியன், கிறித்தவன். இவ்விரண்டையும் ஒன்றாகப் பிணைத்த கல்விமுறையைப் பற்றியே ஈண்டுச் சில சொல்ல விழைகின்றேன்.

நான்காம் படிவ மாணவரிடம், 1511இல் மலாக்கா போர்த்துக்கீசியரிடம் வீழ்ந்ததேன் என்று கேட்டுப் பாருங்கள். ஐந்து காரணங்களை மூச்சுவிடாமல் ஒப்பிப்பர். அவற்றுள் எது எதனால் விளைந்தது என்று கேட்டால் வகுப்பே ஊமையாகிவிடும். இந்த ஊமைமையே என்னைப் பழைய நூல்களின் பக்கம் துரத்தியது.

இடைக்கால ஐரோப்பியக் கிறித்தவப் பள்ளிகள் கல்விக்கு மூன்று படிகள் அமைத்தன: இலக்கணம், அளவை, சொல்வன்மை. சொல்லை அறிதல், அதன் பொருத்தத்தை ஆராய்தல், பிறர் ஏற்குமாறு எடுத்துரைத்தல் என்க. டோரதி சேயர்ஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1947இல் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய உரையொன்றில், பாடங்களைக் கற்பிக்கும் நாம் கற்கும் கருவிகளைக் கொடுக்கத் தவறினோம் என்று வருந்தினார். பின்னாளில், குறிப்பாக 1980களிலிருந்து, அமெரிக்காவில் இம்முறையைப் புதுப்பிக்கும் பள்ளிகள் பல எழுந்தன.

எங்கள் திருச்சபைப் பெரியவர் ஒருவர், "தம்பி, பைபிள் இருக்கும்போது பிற சமயத்தார் பாடலை ஏன் பிள்ளைகள் வாயில் திணிக்கிறீர்?" என்று ஒருநாள் கேட்டார். கேள்வி புதியதன்று. நான்காம் நூற்றாண்டிலேயே புனித பசிலியார் கிரேக்கப் புலவர்களைப் படிக்கும் இளைஞர்க்கு, தேனீ மலர்தோறும் வேண்டியதை மட்டும் கொள்வதுபோல் கொள்க என்று வழி காட்டியுள்ளார். பெரியவரிடம் அதைச் சொன்னேன். அவர் முழுதும் இசையவில்லை. ஆயினும் தம் பேரனை என் வகுப்பிலிருந்து நிறுத்தவுமில்லை.

நமக்கு இன்னும் அணித்தான சான்று வீரமாமுனிவர். இயேசு சபை 1599இல் வகுத்த கல்வித் திட்டத்தில் இலக்கணம், இலக்கியம், சொல்வன்மை என வகுப்புகள் ஏறுவரிசையில் அமைந்திருந்தன. அச்சபையில் பயின்று வந்த இத்தாலியர், தமிழ் மண்ணில் மீண்டும் மாணவராய் அமர்ந்தார். தேம்பாவணி பாடினார், தொன்னூல் விளக்கத்தில் ஐந்திலக்கணமும் கூறினார், 1732இல் சதுரகராதி தந்தார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். மூன்றாம் பாலை ஏன் விட்டார் என்று மாணவர் கேட்கும்போதெல்லாம் எனக்கு நகைப்பு வரும். அவ்விடம் வந்தால் பக்கத்தை விரைந்து புரட்டும் ஆசிரியர் நம்மிடையிலும் உளரன்றோ!

ஆதலின், நம் பிள்ளைகட்கும் இலத்தீன் புகட்டினால்தான் அது கிறித்தவச் செவ்வியல் கல்வி என்பார் கூற்று எனக்கு உடன்பாடன்று. பதினேழாம் நூற்றாண்டுப் பிரான்சில் புனித தெ லா சால், ஏழைச் சிறுவர்க்கு இலத்தீனை விடுத்துத் தாய்மொழியிலேயே வாசிப்பைத் தொடங்கினார். அவர் சபைச் சகோதரர்களே 1852இல் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் பள்ளி தொடங்கினர். இலத்தீன் அவர்கட்கு இருந்த இடத்தில் நமக்குக் குறளும் நாலடியாரும் இருக்கின்றன.

சென்ற ஆண்டு அலுவலகப் பதவி ஒன்று என்னைத் தேடி வந்தது. ஊதியம் மிகுதி, மகளின் பல்கலைக்கழகச் செலவும் கண்முன் நின்றது. இலக்கிய வகுப்பிலோ நால்வரே இருந்தனர். நான் விலகினால் அப்பாடமே பள்ளியில் நின்றுவிடும் என்று தலைமையாசிரியர் ஒளிவின்றிக் கூறினார். என் துணைவி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "உங்களுக்கு அங்கே தூக்கம் வராது" என்றாள். பதவியை வேண்டாவென எழுதிக் கொடுத்தேன்.

இப்போது சனிக்கிழமை காலைகளில் அந்நால்வரோடு பள்ளி நூலகத்தில் அமர்கின்றேன். ஒரு குறளை எடுத்துச் சொல் பிரிக்கின்றோம். அது கூறும் காரணம் பொருந்துமா என்று வழக்காடுகின்றோம். பின் ஒருவர் எழுந்து பேசவேண்டும். பெரியவரின் பேரன் சென்ற வாரம் வள்ளுவரையே மறுத்துப் பேசினான். மறுப்பு வலுவாகத்தான் இருந்தது; விடை தேட எனக்கும் ஒரு வாரம் தவணை கொடுத்திருக்கிறார்கள்.