வாரண்ட் இருக்குன்னு டர்போ கார் வாங்காதீங்க

சாண்ட்ரிங்கம் ரோட்டுல தெரிஞ்ச பையன் ஒருத்தன், ஜப்பான்ல இருந்து வந்த பழைய சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் காட்டினான்.
"புது வாரண்ட் இருக்குண்ணா, வாங்கிடலாம்"னான்.

மனசு பதறிடுச்சு.

நியூசிலாந்து வாரண்ட் ஆஃப் ஃபிட்னஸ்ல பிரேக், டயர், லைட், சீட் பெல்ட் எல்லாம் பார்ப்பாங்க.
இன்ஜின் ஆயில் அளவு? டைமிங் பெல்ட்?
அதெல்லாம் அந்தச் சோதனையிலயே கிடையாது.

டர்போ சூடு ஆயிலைச் சீக்கிரம் கெடுக்கும்.
முதல் ஓனர் ஆயில் மாத்தாம ஓட்டியிருந்தா, கசடு உள்ளேயே தங்கிடும்.
பேரிங் போறது மூணாவது ஓனர் கையில.

இந்தப் பழைய சுபாரு டர்போ கார்கள்ல இருக்கிற இஜே இன்ஜின்ல டைமிங் பெல்ட்டுக்கு ஆயுசு சுமார் 1,00,000 கிலோமீட்டர்.
அறுந்தா வால்வும் பிஸ்டனும் மோதிக்கும். இன்ஜினே போயிடும்.

பானட்டைத் திறந்து பாருங்க. பெல்ட் மாத்தின ஸ்டிக்கர் இருக்கலாம்.
வருஷம் ஜப்பானோட ஹெய்செய் ஆண்டுக் கணக்குல இருக்கலாம், 20ன்னா 2008.

ஸ்டிக்கரும் இல்ல, பில்லும் இல்லன்னா மாத்தவே இல்லன்னு வச்சுக்கோங்க.
பெல்ட் மாத்துற செலவை விலையில குறைச்சுக் கேளுங்க.
வாங்கினதும் முதல் வேலையா மாத்திடுங்க, தம்பிகளா.