அம்மாயி கேட்ட கம்பளி

ஃபெல்ட் துணியைத் தறியில் நெய்வதில்லை, ஊசியில் பின்னுவதும் இல்லை. ஆட்டு உரோமத்தைச் சுடுதண்ணியிலும் சவர்க்காரத்திலும் போட்டு அடிச்சுச் சிக்க வைக்கிறதுதான். உரோமத்தின் மேல் மீன் செதில் மாதிரி அடுக்கு இருக்கு. சூட்டில் அது விரியும். அடிபட அடிபட இழைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். கவ்வினால் பிறகு பிரியாது. அதனால எப்படி வெட்டினாலும் ஓரத்தில் நூல் வராது. பூ, இலை, தோடு எல்லாம் வெட்டலாம்.

யூடியூபில் காட்டுறவங்க மெஷினில் 60 பாகை என்று ஒரு பட்டனை அழுத்திட்டுப் போயிடுறாங்க. எங்க லயத்து வீட்டில் இருப்பது டுவின் டப், தண்ணியை நாமதான் ஊத்தணும். இந்த வேலைக்கு அதுதான் வசதி. கேத்தலில் கொதிக்க வைத்துப் பச்சைத்தண்ணி கலந்து ஊத்தலாம், நடுவில் மூடியைத் திறந்து எவ்வளவு சுருங்கியிருக்கு என்றும் பார்க்கலாம்.

கம்பளிக்கு நுவரெலியா பேல் பஜார். பழைய ஸ்வெட்டர்தான், ஆனா முக்கால்வாசி அக்ரிலிக். லேபல் இல்லையென்றால் ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்க. முடி பொசுங்கின வாடை வந்தா உரோமம். உருகிக் கறுப்பு மணியா நின்றா அக்ரிலிக், அது எவ்வளவு அடிச்சாலும் இப்படிச் சிக்காது. ‘மெஷினில் துவைக்கலாம்’ என்று போட்ட கம்பளியும் வேண்டாம். அதில் செதிலைக் குளோரினால் மழுக்கி வச்சிருப்பாங்க. நல்லது கிடைச்சா, கையை வெட்டித் தலையணை உறையில் கட்டி, உரசலுக்கு ஒரு பழைய ஜீன்ஸோடு போட்டு ஓட விடணும். பின்னல் கண்ணுக்குத் தெரியாமல் போனதும் எடுத்திடலாம். காயிறதுதான் பெரும்பாடு. மழைக் காலத்தில் அடுப்படியில் மூன்று நாள் கிடக்கும்.

முதல் துண்டைத் தடவிப் பார்த்துட்டு அம்மாயி, “நம்ம கம்பளி மாதிரில்ல இருக்கு” என்று சொல்லுச்சு. மழையில் கொழுந்து எடுக்கப் போகும்போது தலையில் முக்காடாப் போட்டு, மேலே கூடைக் கயிறை மாட்டுற அந்தக் கம்பளி. மழை, உடம்புச் சூடு, கயிறு உரசினது, பீலியில் கல்லில் அடிச்சுத் துவைச்சது: என் மெஷின் நாற்பது நிமிஷத்தில் செய்வதை அம்மாயியின் தலையும் கையும் வருஷக்கணக்கா செய்திருக்கு. அந்தக் கம்பளிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. தென்னிந்தியாவிலிருந்து ஆள் கூட்டி வந்த கங்காணிமார் வழிச்செலவு, அரிசியோடு கம்பளியையும் கடனில் எழுதினாங்க. கடனைக் காட்டும் ‘துண்டு’ இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல்தான் அந்த முறையை ஒழித்தாங்க. குளிருக்குப் போர்த்தினதே ஆளைக் கட்டிப் போட்டிருக்கு.

போன மாசம் சுற்றுலாப் பயணிகள் வரும் கடையொன்றில் என் பூக்களைப் பார்த்துட்டு, கொழுந்து எடுக்கும் பொம்மை செய்து தரக் கேட்டாங்க. சிவப்புச் சேலை, கூடை, சிரிச்ச முகம். மாதிரிக்கு ஒன்று செய்து அம்மாயியிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, “ஏன் புள்ள, இவளுக்குக் கம்பளி எங்க? இடுப்பில படங்கும் காணோம். நனைஞ்சிடுவாளே” என்றது.

இரண்டும் போட்டு இன்னொன்று செய்து கொண்டுபோனேன். கடைக்காரர், கறுப்பு எடுபடாது, வெளிநாட்டுக்காரங்க வாங்க மாட்டாங்க என்றார். அவர் வியாபாரம் அவருக்கு. ஆனா சேலை மட்டும் கட்டி மழையில் நிற்கும் பொம்மையை நான் செய்து கொடுக்கிறதா இல்லை. கூட்டாளி ஒருத்தி பேராதனையில் எங்க பீடத்துப் பிள்ளைகளிடம் விற்கலாம் என்கிறாள். அதுக்கு இன்னும் நாலு பொம்மைக்குக் கம்பளி வேணும். பேல் பஜாரில் கறுப்பு ஸ்வெட்டர் நிறையத் தொங்குது, கொளுத்திப் பார்த்தா எல்லாம் அக்ரிலிக்.